பழி ஓரிடம், பிழை ஓரிடம்
புதிய காபரேற்றரைச் சோதிக்கும் முறை

நேற்றுவரை இருமிக்கொண்டேனும் ஓடிய மோட்டார் சைக்கிளுக்கு இன்று புதிய காபரேற்றர் ஒன்று பொருத்தப்படுகிறது. பொருத்திய பின்னர் வண்டி முன்னிலும் மோசமாக நடந்துகொள்கிறது. உதைத்தால் கிளம்ப மறுக்கிறது; கிளம்பினால் காரணமின்றி உறுமுகிறது; ஏற்றத்தைக் கண்டதும் பெருமூச்செறிந்து நின்றுவிடுகிறது. உடனே வீட்டார் அனைவரும் ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர்: "சாமான் போலி, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்." பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இத்தகைய தீர்ப்புகளைக் கண்டுதான் போலும். புதிய சாமான் நல்லதாயிருக்க, அதைப் பொருத்திய விதத்திலோ, வண்டியில் முன்னரே மறைந்திருந்த நோயிலோ பிழை இருப்பதே பெரும்பான்மை.

இதனை அற்ப விஷயம் என்று தள்ளிவிடுதல் இயலாது. இலங்கைக்குள் வாகனங்கள் இறக்குமதியாவது 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிற்றான். அந்த ஐந்தாண்டுக் காலத்தில், உள்ளதைப் பழுது பார்த்து ஓட்டுவதன்றி வேறு வழியில்லை என்ற நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் பழைய சாமான்கள் தேடிப் பஞ்சிகாவத்தைக்கு நடையாய் நடந்தோர் பலர். அந்தப் பழக்கம் இன்னும் மறையவில்லை. நோயறியாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சாமான்களை மாற்றுவது, மாதச் சம்பளத்தைத் தெருவில் இறைப்பதற்கு ஒப்பாகும். பணத்தினும் பெரியது உயிர். தவறாகப் பொருத்திய காபரேற்றரில் அக்சிலேற்றர் திறந்தபடியே சிக்கிக்கொண்டால், காலி வீதியின் நெரிசலில் ஓட்டுபவனின் கதி என்னவாகும் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

குற்றத்தை மறைக்காத வண்டி

காபரேற்றரின் குணம் அறிய விரும்புவோர்க்கு 'ட்ரயல்ஸ்' எனப்படும் போட்டிக்கான மோட்டார் சைக்கிள் மிகச் சிறந்த ஆசான். நம் வீதிகளில் அது அருமையாகவே காணப்படும். ட்ரயல்ஸ் என்பது வேகப் பந்தயம் அன்று. பாறையும் சேறும் ஓடைப் படுகையும் மரவேரும் நிறைந்த குறுகிய பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடப்பதே அதன் நோக்கம். ஒருமுறை கால் நிலத்தில் பட்டால் ஒரு தண்டப் புள்ளி; வண்டி நின்றாலோ விழுந்தாலோ ஐந்து. ஸ்கொத்லாந்தின் புகழ்பெற்ற ஆறு நாள் ட்ரயல்ஸ் 1909 ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் நடக்கும் ஸ்கொட் ட்ரயல் 1914 ஆம் ஆண்டிலும் தொடங்கியவை. பெல்பாஸ்ற் நகரத்தவரான சமி மில்லர் 1965 ஆம் ஆண்டில் ஸ்பானிய நாட்டு புல்ற்றாக்கோ வண்டியில் அந்த ஆறு நாள் போட்டியை வென்றார். அதன்பின் பாரமான ஆங்கில வண்டிகளின் இடத்தை, இலேசான டூ ஸ்ட்ரோக் வண்டிகள் விரைவிற் பிடித்துக்கொண்டன.

இப்போட்டியில் இயந்திரம் முழு மூச்சில் ஓடும் நேரம் மிகச் சொற்பம். நடை வேகத்தில் ஊர்ந்துவந்து, பாறையின் அடியில் அக்சிலேற்றரை ஒரு நூலளவு திறந்ததும், தயங்காமல் வலு பிறக்க வேண்டும். அரைக் கணம் தயங்கினாலும் கால் நிலத்துக்கு வந்துவிடும். வீதியில் ஓடும் வண்டி வேகத்தினால் மறைத்துவிடும் குற்றங்களை ட்ரயல்ஸ் வண்டி வெட்டவெளிச்சமாக்கிவிடுகிறது. ஆயினும் இங்கு கூறப்படும் முறை, காபரேற்றர் உள்ள எந்த மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்.

காற்றும் பெற்றோலும் சேரும் இடம்

காபரேற்றரின் வேலை என்ன? எரிவதற்கு ஏற்ற அளவில் காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுப்பதே. ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். வேறுவிதமாகச் சொன்னால், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 9,000 லீற்றருக்கும் மேற்பட்ட காற்று வேண்டும். காற்று மிகுந்தால் கலவை மெலிந்தது. பெற்றோல் மிகுந்தால் கலவை செறிந்தது. இவ்விரு சொற்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

ஒரு குழாயின் நடுப்பகுதி ஒடுங்கியிருந்தால், அவ்வொடுக்கத்தில் காற்று விரைந்து ஓடும். விரையும் இடத்தில் அதன் அமுக்கம் குறையும். டானியல் பேர்ணூலி 1738 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கிய தத்துவம் இது. பௌதிக வகுப்பில் மாணவர்கள் இதைப் படித்திருப்பர். அமுக்கம் குறைந்த அவ்விடத்தில் ஒரு நுண்துவாரம் இருந்தால், கீழுள்ள கிண்ணத்திலிருந்து பெற்றோல் தானே மேலெழுந்து காற்றுடன் கலக்கும். கிண்ணத்தில் பெற்றோலின் மட்டம் ஏறாமலும் இறங்காமலும் ஒரு மிதவை காவல் புரிகிறது. நம் வீடுகளின் தண்ணீர்த் தாங்கியில் உள்ள மிதவைக் குழாயும் இதே விதமாகவே தொழிற்படுகிறது.

அக்சிலேற்றரைத் திறக்கும்போது, 'ஸ்லைட்' என்னும் உருளை மேலெழுந்து காற்றின் வழியை அகலமாக்குகிறது. அதன் திறப்பின் அளவுக்கேற்பப் பொறுப்பு ஒரு பாகத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுகிறது. மூடிய நிலையிலிருந்து எட்டிலொரு பங்கு திறக்கும்வரை 'ஸ்லோ ஜெற்' என்னும் சிறு துவாரம் பொறுப்பாளி. அதன்பின் கால் பங்குவரை ஸ்லைட்டின் அடியிலுள்ள சரிவு வெட்டு. கால் பங்கிலிருந்து முக்கால் பங்குவரை, ஸ்லைட்டில் தொங்கும் கூம்பிய ஊசி. அதற்குமேல் 'மெயின் ஜெற்'. எல்லைகள் ஒன்றோடொன்று சற்றே கலந்திருக்கும்; எனினும் இப்பங்கீட்டை அறிந்தவனுக்குப் பாதி நோய் தெரிந்துவிட்டது. நடை வேகத்தில் தடுமாறும் வண்டிக்கு மெயின் ஜெற்றை மாற்றுபவன், பல்வலிக்குக் காலில் களிம்பு பூசுபவனை ஒப்பான்.

முதலில் விசாரிக்க வேண்டியவை

புதிய காபரேற்றரைக் கழற்றுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பழையதை ஏன் மாற்றினோம்? அப்போதிருந்த குறை இன்றும் அப்படியே இருக்குமாயின், குற்றவாளி வேறெங்கோ ஒளிந்திருக்கிறான்.

பெற்றோலை முதலில் நோக்குக. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் மோட்டார் சைக்கிளொன்றுக்கு வாரம் 4 லீற்றரே பங்காகக் கிடைத்தது. அன்று கிடைத்ததைச் சேர்த்துவைக்கப் பழகியோர் பலர். நெடுநாள் கிடந்த பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். பிசின் போன்ற படிவு எஞ்சும். தலைமயிர் அளவான ஸ்லோ ஜெற்றை அடைக்க அதுவே போதும். ஆதலின் புதிய பெற்றோலை ஊற்றிச் சோதிக்க வேண்டும். அடுத்து, பெற்றோல் குழாயைக் காபரேற்றரிலிருந்து கழற்றி ஒரு போத்தலுள் விட்டு, ஓட்டம் சீராக உள்ளதா எனப் பார்க்க. தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டால், வண்டி சிறிது தூரம் நன்றாக ஓடிப் பின் நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடியதும் மீண்டும் ஓடும். பிளக்கும் தீப்பொறியும் நல்ல நிலையில் உள்ளனவா என்பதையும் இப்போதே உறுதி செய்துகொள்ளல் நன்று. பொறி பலவீனமான இயந்திரத்தை எந்தக் காபரேற்றராலும் திருப்திப்படுத்த இயலாது.

பொருத்தியதில் நேரும் பிழைகள்

இவை யாவும் சரியாயின், பொருத்தியதில் நேர்ந்த தவறுகளைத் தேட வேண்டும். அடிக்கடி நேர்வன நான்கு.

முதலாவது, கள்ளக் காற்று. காபரேற்றரும் இயந்திரமும் சேரும் மூட்டில் சிறு இடுக்கு இருந்தாலும், அளவிடப்படாத காற்று உட்புகும். இயந்திரம் மெல்ல ஓடவேண்டிய வேளையில் உரத்து ஓடுவதும், அக்சிலேற்றரை மூடியபின்னும் வேகம் இறங்கத் தாமதிப்பதும் இதன் அடையாளங்கள். வலிமையாக முறுக்கினால் நன்கு பொருந்தும் என்று எண்ணி ஆணிகளை அளவு மீறி இறுக்குவோர், மென்மையான உலோகத்தாலான முகப்பை வளைத்துவிடுகின்றனர். அதைக் கழற்றி ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். இயந்திரம் ஓடும்போது மூட்டின்மீது மட்டும் தண்ணீரை மென்தூவலாகத் தெளித்து, ஓட்டத்தின் ஓசை மாறுகிறதா என்று கேட்பது நல்ல சோதனை. சிலர் இதற்குப் பெற்றோலையே தெளிக்கின்றனர்; சூடான இயந்திரத்தின்மேல் பெற்றோலைத் தெளிப்பது வீட்டுக்குத் தீ வைக்கும் வேலை.

இரண்டாவது, அக்சிலேற்றர்க் கம்பி. இயந்திரம் மெல்ல ஓடும்போது கைப்பிடியை இடப்புறமும் வலப்புறமும் முற்றாகத் திருப்புக. அப்போது வேகம் கூடினால், கம்பி அளவுக்கு மீறி இழுபட்டுள்ளது. ஓரிரு மில்லிமீற்றர் தளர்வு அவசியம். ஸ்லைட்டின் சரிவு வெட்டு காற்று வடிகட்டியின் பக்கம் நோக்கியிருக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. இயந்திரத்தைக் கிளப்புமுன் அக்சிலேற்றரை முறுக்கி விடுக. ஸ்லைட் 'டக்' என்ற ஓசையுடன் கீழே விழவேண்டும். அவ்வோசை கேளாதவரை வண்டியைக் கிளப்புதல் கூடாது. வெள்ளவத்தையில் கடற்கரையோரமாக வசிப்போர் இதில் இருமடங்கு கவனம் கொள்ள வேண்டும். உப்புக் காற்று கம்பியின் உறைக்குள் புகுந்து துருவேற்றி, அதனை நாளடைவில் சிக்கவைக்கும்.

மூன்றாவது, வழிந்தோடும் பெற்றோல். புதிய சாமானோடு வந்த தூசியோ, தாங்கியின் துருவோ மிதவையின் ஊசி வாயிலில் சிக்கினால், பெற்றோல் மட்டம் மீறி வழியும். உடனே பெற்றோல் குழாயை மூடுக. கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுக. சுத்தம் செய்தபின்னும் வழியுமாயின், மிதவையின் உயரத்தை உற்பத்தியாளர் குறித்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காவது, மூடாத சோக்கும் கழற்றிவிட்ட வடிகட்டியும். சோக் முற்றாக விலகாவிடின் கலவை எப்போதும் செறிந்திருக்கும். வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் கலவை மெலியும், தூசியும் உட்செல்லும். வண்டியை எந்த நிலையில் ஓட்டப்போகிறோமோ அந்த நிலையில் வைத்தே சோதிக்க வேண்டும்.

எண் ஒன்று, அளவு வேறு

பழைய காபரேற்றரில் 100 என்ற எண்ணுள்ள ஜெற் இருந்தது. ஆகவே புதியதிலும் 100 போட்டேன் என்பார் சிலர். இங்கேதான் ஏமாற்றம். 1927 ஆம் ஆண்டில் மூன்று கம்பனிகள் ஒன்றுசேர்ந்து பிறந்த ஆங்கில அமால் காபரேற்றரில், ஜெற்றின் எண் ஒரு நிமிடத்தில் அதனூடே பாயும் திரவத்தின் அளவைக் கன சென்ரிமீற்றரில் குறிக்கும். யப்பானின் கெய்ஹின் கம்பனியோ துவாரத்தின் விட்டத்தை மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்காகக் கணக்கிடுகிறது. ஒன்றன் எண்ணை மற்றொன்றுக்கு வைப்பது, யாரின் கணக்கை மீற்றரில் எழுதுவது போன்றது. அமாலைக் கழற்றி யப்பானிய காபரேற்றரைப் பொருத்துவோர், எண்களை மறந்து இயந்திரத்தின் சொல்லையே கேட்டு நடத்தல் வேண்டும்.

இயந்திரத்தின் சொல்லைக் கேட்டல்

அதன் பேச்சைக் கேட்கும் முறை இதுதான். முதலில் சிறிது தூரம் ஓட்டி இயந்திரத்தை நன்கு சூடாக்குக. குளிர்ந்த இயந்திரம் உண்மை பேசாது. பின் கலவையைத் திருத்தும் சிறு ஆணியை இலேசாக உள்ளே முடியுமட்டும் திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்க. அங்கிருந்து ஓட்டம் தடுமாறும்வரை ஒரு பக்கமும், மீண்டும் தடுமாறும்வரை மறுபக்கமும் மெல்லத் திருப்பி, இரண்டுக்கும் நடுவே நிறுத்துக. ஆணி வடிகட்டியின் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் கலவை செறியும். இயந்திரத்தின் பக்கம் இருந்தால் அது பெற்றோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினாற்றான் கலவை செறியும். இந்த வேறுபாட்டை அறியாமல் நாள் முழுவதும் திருகி அலுத்தவர் எண்ணற்றோர்.

அடுத்து, கைப்பிடியில் ஒட்டுத்தாள் ஒன்றைச் சுற்றிக் கால், அரை, முக்கால் எனக் கோடிடுக. தடுமாற்றம் எந்தக் கோட்டில் நிகழ்கிறதோ, அப்பகுதிக்குப் பொறுப்பான பாகமே விசாரணைக்குரியது. கலவை மெலிந்ததா செறிந்ததா என ஐயம் எழுந்தால், சோக்கைச் சற்றே இழுத்துப் பார்க்க. ஓட்டம் திருந்தினால் கலவை மெலிந்திருந்தது. மேலும் கெட்டால் செறிந்திருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் நிறமும் சாட்சி சொல்லும். கரிபடிந்த கறுப்பு செறிவையும், வெளிறிய வெண்மை மெலிவையும், பால் தேநீர் நிறம் நல்ல கலவையையும் காட்டும்.

ஓர் உதாரணம் காண்போம். வண்டி நின்ற நிலையில் நன்றாக ஓடுகிறது. பாறையின் முன் அக்சிலேற்றரைச் சற்றே திறந்ததும் மூச்சடைத்து, ஒரு கணம் கழித்தே வலுப்பெறுகிறது. மூட்டில் கள்ளக் காற்று இல்லை எனச் சோதித்தாயிற்று. சோக்கை இழுத்தால் தயக்கம் குறைகிறது, ஆகவே மெலிவு. வடிகட்டியின் பக்கமுள்ள ஆணியைத் திருப்பினால், அரைச் சுற்றிலேயே ஓட்டம் சிறக்கிறது. ஒன்றரைச் சுற்றில் சிறக்க வேண்டியது அரைச் சுற்றில் சிறக்கிறதென்றால், ஸ்லோ ஜெற் சிறிது என்பது பொருள். ஒருபடி பெரிய ஸ்லோ ஜெற்றைப் போட்டு, ஆணியைப் புதிதாகத் திருத்தினால் தயக்கம் நீங்கும். நீங்காவிடின் அடுத்த விசாரணை ஸ்லைட்டின் வெட்டுக்கு உரியது. செலவு ஒரு சிறு ஜெற் மாத்திரமே. முழுக் காபரேற்றரையும் திருப்பிக் கொடுக்கச் சண்டையிட வேண்டியதில்லை.

மெலிவைக் கண்டும் காணாமல் விடலாகாது. எண்ணெயைப் பெற்றோலுடன் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில், பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். நீண்ட ஏற்றத்தில் சூடேறி, பிஸ்டன் உருளையோடு பற்றிக்கொண்டால், சில்லு சட்டென்று இறுகி வண்டி ஆளைத் தூக்கியெறியும்.

மலையேறும்போது மாறும் கணக்கு

நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 ஆம் ஆண்டில் தொடங்கியது. மலைநாட்டுக்கு மோட்டார் சைக்கிளில் செல்வோர் யாவரும், போட்டியாளராயினும் உல்லாசப் பயணியாயினும், ஓர் உண்மையை அறிந்திருத்தல் நன்று. வெள்ளவத்தை கடல் மட்டத்தில் உள்ளது; நுவரெலியாவோ ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கே. காபரேற்றர் காற்றின் நிறையை அறியாது. உள்ளே ஓடிவரும் கன அளவையே அறியும். ஆகவே கொழும்பில் சரியாயிருந்த கலவை, நுவரெலியாவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு செறிந்துவிடும். வண்டி கறுத்த புகை விட்டு மந்தப்படும். இது பழுதன்று, மலையின் இயல்பு. மலையில் திருத்திய வண்டியை அப்படியே கொழும்புக்கு இறக்குவதுதான் ஆபத்து. இங்கே அது மெலிந்துவிடும். இன்றைய புதிய வண்டிகளில் மின்னணுக் கருவி காற்றை அளந்து பெற்றோலைத் தெளிக்கிறது. காபரேற்றர் உள்ள வண்டியிலோ அந்த மூளை ஓட்டுபவனின் தலைக்குள்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் செய்வோர் கவனத்துக்கு

கொட்டாஞ்சேனையின் நெருங்கிய வீடுகளிலும் வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் முற்றம் என்பது அரிது. அதற்காகக் காபரேற்றரைச் சமையலறையில் கழற்றலாகாது. பெற்றோலின் ஆவி காற்றினும் பாரமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிச் செல்லும். அடைத்த அறைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டால், மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு உயிர் குடிக்கும். திறந்த வெளியும், எட்டி நிற்கும் பிள்ளைகளும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி மணலும் இன்றி இவ்வேலையைத் தொடங்குதல் கூடாது. ஜெற்றின் துவாரத்தை ஊசியாலோ கம்பியாலோ குத்துவதும் தகாது. துவாரம் பெருத்துவிட்டால் அளவு கெட்டுவிடும். காற்றை ஊதியே சுத்தம் செய்ய வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலாக ஒரு விதி உண்டு. மாணவர்கள் அதனைப் பரிசோதனைச் சாலையில் முன்னரே கற்றிருப்பர். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மாற்றியதை ஒரு கொப்பியில் எழுதுக. பயன் இல்லையெனின் பழைய நிலைக்கே திருப்புக. ஜெற்றையும் ஊசியையும் பிளக்கையும் ஒரே மாலையில் மாற்றியவனுக்கு, வண்டி திருந்தினாலும் எதனால் திருந்தியது என்பது தெரியாது. கெட்டாலும் எதனால் கெட்டது என்பது தெரியாது. நாள், மாற்றியது, விளைவு என மூன்று பத்திகள் கோடிட்ட ஒரு பழைய கொப்பி போதும். அடுத்த முறை வண்டி மக்கர் செய்யும்போது, கடைக்காரன்மேல் பழி சுமத்துமுன் அதனைத் திறந்து பார்ப்பவன், பாதி வேலையைக் கையில் கறை படாமலே முடித்துவிடுவான்.